கரையில் காத்திருப்பவர்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முடித்துக்கொண்டு அடிவாரத்தில் வந்து நிற்கும்போது ஒரு சின்னச் சடங்கு நடக்கும். பாதிப் பேர் போனை எடுத்து ஓர் எண்ணைத் தட்டுவார்கள். ஒரு மணி அடிக்கும், இரண்டாவது மணியும் அடிக்கும். மேலே மலையில் யாரோ அதைக் கட் பண்ணுவார்கள். உடனே போன் பைக்குள் போய்விடும். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. மணி அடித்தால் 'பத்திரமாக இறங்கிவிட்டேன்' என்று அர்த்தம், கட் பண்ணினால் 'சரி' என்று அர்த்தம். இப்போதெல்லாம் பேசினாலும் தனியாகக் காசு பிடிப்பதில்லை. ஆனாலும் எங்கள் மலையில் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. மழை நாளில் வளைவில் மரம் விழும், கல் உருளும். மேலே இருப்பவருக்கு அந்த மணி வந்த பிறகுதான் அடுத்த வேலை ஓடும்.

பதினோரு வருஷமாக நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை வேடிக்கை பார்த்து வந்தேன், கொஞ்சம் இளக்காரத்தோடுதான். பஸ் ஏறி இறங்குவதற்குக்கூட ஒருத்தருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா என்று நினைப்பேன். எனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று ஒரு பெருமையும் இருந்தது. தொல்லை கொடுக்க ஆள் இல்லை என்பதை அப்படி மாற்றிச் சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

செம்மநத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் வருகை, மருந்தடிப்பு, தினம் காலை மழைமானியில் பார்க்கும் மழையளவு, இவற்றை எழுதுவது என் வேலை. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். அம்மா போன பிறகு நான் ஒண்டிக்கட்டை. கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, நடக்கவில்லை, அவ்வளவுதான்.

தனியாக இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் தயாராக இருப்பார்கள். என் வீட்டில் டார்ச் இரண்டு, இரண்டுக்கும் மாற்று பேட்டரி. காய்ச்சல் மாத்திரை, அட்டைக்கடிக்கு உப்பு, ஒரு மாதத்துக்கு அரிசி. குளியலறையில் வழுக்காத ரப்பர் விரிப்பு. அந்த விரிப்பு வாங்கிய அன்று ஒரு விஷயம் யோசித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் நான் இங்கே விழுந்து கிடந்தால், யாருக்கு எப்போது தெரியும்? ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் விடுமுறை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்கள் கூடி நின்று, பேர் வாசிக்க ரைட்டரம்மா வரவில்லையே என்று யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அதாவது முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல். அதற்குப் பிறகுதான் நான் இன்னும் ஒரு விரிப்பு வாங்கினேன்.

இப்படிப்பட்டவள் கடலுக்குப் போனது எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் எஸ்டேட்டில் தண்ணீர் தேக்கும் பெரிய குட்டை ஒன்று உண்டு. பக்கத்தில் புதிதாக வந்த விடுதிக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை ஓட்டச் சொல்லிக்கொடுக்க அந்தக் குட்டையை இரண்டு நாள் கேட்டார்கள். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார், முப்பது வயதிருக்கும். மேற்பார்வைக்கு என்று என்னை அனுப்பினார் மேனேஜர். முதல் நாள் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். இரண்டாம் நாள், 'நீங்களும் உட்கார்ந்து பாருங்க மேடம்' என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னதும், மறுப்பு சொல்ல வாயைத் திறந்தவள் எப்படியோ படகில் இருந்தேன்.

அந்தப் படகில் ஒருவருக்குத்தான் இடம். கால் நீட்டி உட்கார்ந்தால் படகு இடுப்போடு சேர்ந்துகொள்ளும். பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், டாக்டர் அறையில் எங்கும் என் பக்கத்து இடம் காலியாக இருப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். குட்டை நடுவில் அது தெரியவில்லை. நாற்பத்தேழு வயதில் எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் தெளித்ததுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

விடுதிக்காரர்களிடமிருந்து பழைய கயாக் ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டைதான் என் கோயில். பயிற்சியாளர் போனில் சொல்லிக்கொடுத்தார். ஓட்டுவதைவிட விழுவதைத்தான் அவர் அதிகம் சொல்லிக்கொடுத்தார். படகு கவிழ்ந்தால் படகை விடாதே, துடுப்பை விடாதே. துடுப்பின் ஒரு நுனியில் காற்றடைத்த பையை மாட்டி, அதைத் தண்ணீரில் பக்கவாட்டில் ஊன்றி, அதன் பலத்தில் வயிற்றால் படகின் மேல் ஏறு. ஏறிய பிறகு கைப்பம்பால் உள்ளே இருக்கும் தண்ணீரை இறை. எங்கள் குட்டைத் தண்ணீர் மார்கழியில் பல் கிட்டிப்போகும் குளிர். முதல் நாள் பதினொரு தடவை முயற்சி செய்து, பன்னிரண்டாவது தடவைதான் ஏறினேன். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கயாக் கவிழ்ந்தால் வைக்க ஏது கை, இரண்டும்தான் படகைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவே.

ஒன்றரை வருஷம் கழித்து ஆனிக் கடைசியில், கொந்தளிக்கும் கடலில் பாதுகாப்பாக ஓட்டுவதற்கென்றே மூன்று நாள் பயிற்சி வைப்பதாகச் சொன்னார். வேண்டுமென்றே காற்றுக் காலத்தில். லீவு போட்டேன். அப்போதுதான் அந்தத் தாள் வந்தது.

கடலில் இறங்கும் ஒவ்வொருவரும் அதை நிரப்ப வேண்டும். எங்கிருந்து கிளம்புகிறோம், எந்தப் பக்கம் போகிறோம், படகின் நிறம், ஜாக்கெட்டின் நிறம், எத்தனை மணிக்குள் கரையேறுவோம். கீழே ஒரு கட்டம். 'கரையில் காத்திருப்பவர்.' அவர் பெயரும் எண்ணும். சொன்ன நேரத்துக்குள் நாம் கூப்பிடாவிட்டால் அவர் வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்றும் அதிலேயே இருக்கும். அவர் பயிற்சி நடக்கும் இடத்தில் இருக்கக் கூடாது, அங்கே எல்லாரும் ஒரே சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள் என்றார் பயிற்சியாளர். வீட்டில் யாராவது இருந்தால் போதும், மேடம். கட்டம் காலியாக இருந்தால் மட்டும் கடலில் இறக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

அந்தக் கட்டத்தை நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பெயரைப் போடலாம். ஆனால் நான் கடலுக்குப் போகிறேன் என்று தெரிந்தால் லீவைப் பற்றிப் பேச்சு வரும். அக்கா மகன் ஒருவன் வெளிநாட்டில் இருக்கிறான், நான் கூப்பிட்டால் அவனுக்கு அங்கே நடுச்சாமம். விடுதிக்காரர்கள் முகம்தான் தெரியும். டார்ச்சுக்கு மாற்று பேட்டரி வைத்திருந்தவளுக்கு, ஒரு கட்டத்தில் எழுத ஒரு பெயர் இல்லை. கடலே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். கடலைவிட அந்தக் கட்டம் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் வெள்ளக்கடை பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் போய் நின்றேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பதினோரு வருஷமாக அவர் கடையில் டீ குடிக்கிறேன். சர்க்கரை பாதி என்பது அவருக்குத் தெரியும், நான் அதிகம் பேச மாட்டேன் என்பதும் தெரியும். எங்களுக்குள் அவ்வளவுதான். ஒரு சின்ன உபகாரம், பேருக்கு ஒரு தாள், ஒன்றும் ஆகாது என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் வடைச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார்.

"வெள்ளிக்கெழம நாலு மணிக்குள்ள நீங்க கூப்புடலீன்னா இதுல இருக்கறத நாஞ் செய்யோணும், அதானுங்க?"

அதேதான் என்றேன்.

"செரி. நாலு மணி."

தாளைப் பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில் மடித்து வைத்தார். வேலை முடிந்தது என்று நான் பஸ் ஏறினேன். அடிவாரத்தில் எல்லாரும் மணி அடித்தார்கள். நான் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராமநாதபுரம் கடற்கரையில் என்னோடு பயிற்சிக்குச் சென்னையிலிருந்து ஒரு தம்பதியும் ஒரு கல்லூரி வாத்தியாரும் வந்திருந்தார்கள். முதல் நாள் முழுக்கக் காற்றைப் பற்றிய பாடம். அந்தக் காலத்தில் அங்கே வீசுவது கச்சான் காற்று, தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். அதில் ஒரு சூது இருக்கிறது. கரையோரம் தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும், ஏனென்றால் பனைமரங்கள் காற்றை மறைக்கின்றன. அரை மைல் போன பிறகுதான் அலை எழும்பும், அப்போது திரும்ப நினைத்தால் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. இங்கே கரையோரம் ஆழம் இடுப்பளவுதான் பல இடத்தில், காற்றுதான் தெரியாமல் போகும்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு இறங்கினோம். காற்று மதியத்துக்கு மேல் கூடும் என்று முன்னறிவிப்பு இருந்தது. பன்னிரண்டுக்கே திரும்பிவிடுவது, மூன்றுக்குள் கரை, இதுதான் ஏற்பாடு. காற்று முன்னறிவிப்பைப் படிக்கவில்லை போலிருக்கிறது. பதினொன்றரைக்கே எழுந்துவிட்டது.

பயிற்சியாளர் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கித் திரும்பச் சொன்னார். திரும்பினோம். பத்து இழுப்பு இழுத்தால் இரண்டு இழுப்புத் தூரம்தான் நகர்ந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்திருப்போம். முதலில் வாத்தியார் கவிழ்ந்தார். பயிற்சியாளர் அவரை ஏற்றிவிடப் போனார். அந்த இழுபறியில் பயிற்சியாளரின் மார்பில் தொங்கிய பை அறுந்து அவருடைய போன் கடலோடு போனது. அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பக்கத்தில் வந்த அலையை நான் பார்க்கவில்லை.

தண்ணீருக்குள் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. வெளியே வந்தபோது சத்தம் மட்டும்தான் இருந்தது. படகு கையில் இருந்தது, துடுப்பும் இருந்தது. விசிலை மூன்று தடவை ஊதினேன். காற்று அதை என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று. மற்ற நான்கு படகுகளும் அலை ஏறும்போது தெரிந்தன, இறங்கும்போது காணாமல் போயின. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, அவரவர் தலைக்கு மேல் அவரவர் வெள்ளம்.

பயமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதைவிட ஒன்று இருந்தது, அதைச் சொல்லத்தான் கூச்சம். இது எனக்குப் பழகிய இடமாக இருந்தது. குளியலறையில் விழுந்தால் எப்போது தெரியும் என்று யோசித்தவளுக்கு, கடலில் விழுந்து கிடப்பது புதிய செய்தி இல்லை. நம்மை நாம்தான் ஏற்றிவிட வேண்டும் என்று கை தானாக வேலை செய்தது. பையைத் துடுப்பில் மாட்டினேன், ஊதினேன், ஊன்றினேன். முதல் தடவை சறுக்கியது. இரண்டாவது தடவை வயிற்றால் ஏறி, காலை உள்ளே இழுத்து, உட்கார்ந்துவிட்டேன். பம்பால் தண்ணீரை இறைக்கும்போது, அந்தக் கடலின் நடுவில், எங்கள் குட்டைக்கு நன்றி சொன்னேன்.

பயிற்சியாளர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். எல்லாரையும் ஒரு கயிற்றுத் தூரத்துக்குள் சேர்த்து, நேரே கிளம்பிய இடத்துக்குப் போகும் ஆசையை விடச் சொல்லி, காற்றுக்குக் கோணலாக ஓட்டவைத்தார். மூன்றரை மணிக்கு நாங்கள் கரையேறியது கிழக்கே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, ஒரு மீன்பிடிக் குப்பத்தில். ஐந்து பேரும் மணலில் விழுந்து கிடந்தோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, கச்சான் நேரத்தில் யாராவது கடலுக்குப் போவார்களா என்று திட்டிக்கொண்டே கஞ்சி கொடுத்தார்கள்.

இனி வருவதுதான் நான் எழுத வந்தது.

ஐந்து பேரில் நனையாத போன் ஒன்றே ஒன்றுதான், அது என்னுடையது. பைக்குள் பை வைத்து, அதற்குள் இன்னொரு பை வைத்திருந்தேன். சார்ஜ் முக்கால்வாசி இருந்தது. பயிற்சியாளர் என்னை மெச்சினார். தயார் என்றால் மேடம் மாதிரி இருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பதியில் அந்தப் பெண் என் போனை வாங்கித் தன் அம்மாவிடம் பேசினாள். வாத்தியார் மனைவியிடம் பேசினார், பேச்சு முழுக்க அழுகை. பயிற்சியாளர் தன் வீட்டுக்குச் சொன்னார். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் போனை வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டேன். பிறகு பயிற்சியாளர் எல்லாரையும் பார்த்து, கரைக்குச் சொல்லிட்டீங்களா என்று கேட்டார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அது பொய் இல்லை. பொய்யாக இருந்தால் இவ்வளவு வலிக்காது. 'நான் பத்திரம்' என்று ஒருத்தருக்குச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பழக்கம் உள்ள உடம்பு இல்லை என்னுடையது. கட்டத்தில் ஒரு பெயரை எழுதியதோடு என் வரையில் அது முடிந்துபோன விண்ணப்பம். சார்ஜ் வீணாகக் கூடாது என்று போனை அணைத்து, பைக்குள் பையாகப் போட்டு, மீன் ஏலக் கொட்டகையின் சிமெண்ட் தரையில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஏழு மணிக்கு யாரோ எழுப்பினார்கள். கடலோரக் காவலர் ஒருவர் பைக்கில் வந்து நின்றிருந்தார். ஆரஞ்சு ஜாக்கெட், மஞ்சள் படகு, ஏற்காட்டிலிருந்து வந்த பெண் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். ரெண்டு மணி நேரமாகக் குப்பம் குப்பமாகக் கேட்டுக்கொண்டு வருகிறோம், நாட்டுப்படகில் ரெண்டு பேர் தேடப் போயிருக்கிறார்கள், உங்கள் ஊரிலிருந்து ஒரு அம்மா கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார், முதலில் அவருக்குப் பேசுங்கள் என்றார்.

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். சாயங்காலம் மெச்சிய அதே முகம்தான்.

போனை உயிர்ப்பித்து அக்காவைக் கூப்பிட்டேன். ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் மழைச் சத்தம், காற்று.

"இருக்கீங்களா?"

"இருக்கனுங்க அக்கா."

லைன் கட் ஆகிவிட்டது. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தேடப் போன படகு எட்டு மணிக்குத் திரும்பியது. அந்த இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். நான் கைகூப்பி நின்றேன். அவர்களில் மூத்தவர், உசுரோட இருக்கீகள்ல, போங்க என்றார். அதற்குமேல் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பயிற்சியில் நான் கடலில் இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பினேன். மலை ஏறும் பஸ்ஸில் எனக்குத் தெரிந்த கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே ஆரம்பித்தார். ஏனுங் ரைட்டரம்மா, கடலுக்குள்ள போயிட்டீங்கன்னு வெள்ளக்கடையே அல்லோலப்பட்டுதே. அவர் சொல்லித்தான் மீதி தெரிந்தது. மூன்றரைக்கே அக்கா தாளை எடுத்து வெளியே வைத்துவிட்டார். அன்று மேகம் இறங்கி, கடைப்பக்கம் சிக்னல் சுத்தமாக இல்லை. நாலு மணிக்கு அடுப்பை அணைத்து, கடையைச் சாத்தி, தாளைப் பால் கவருக்குள் போட்டுக்கொண்டு, சிக்னல் வரும் சில்வர் ஓக் மர வளைவுக்கு ஏறிப் போயிருக்கிறார். என் போன் அணைந்திருந்தது. பயிற்சியாளர் எண்ணும் கிடைக்கவில்லை. மூன்றாவது வரியில் கடலோரக் காவல் என்று இருந்தது, கூப்பிட்டார். இவருடைய பஸ் கீழே இறங்கும் வழியில் அந்த வளைவுக்கு வந்தபோது கை காட்டி நிறுத்தி, நடுவில் எனக்குச் சிக்னல் போச்சுன்னா நீங்க அடிவாரத்துல இறங்கியொடனே இந்த நம்பருக்குக் கூப்புட்டுக் கேளுங்க என்று இவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழு மணி வரை குடையும் இல்லாமல் அங்கேயே நின்றாராம். பதினோரு வருஷத்தில் அந்தக் கடை பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குப் போனேன். இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும் வரை நின்றேன். மன்னிச்சுக்கங்க அக்கா என்றேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினார்.

"நாங் கடலப் பாத்ததில்லீங்க. அது எப்புடி இருக்கும்னும் தெரியாது. தாள்ல இருந்தத ஒவ்வொண்ணாச் செஞ்சேன். மூணு வரிதானுங்க இருந்துச்சு. அதுக்கப்பறம் என்ன செய்யோணும்னு நீங்க எழுதல. திருப்பிப் பாத்தேன், பின்னாலயும் ஒண்ணுமில்ல."

கையிலிருந்த கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்கூட்ல யாருக்குச் சொல்லோணும்னு ரோசன பண்ணுனேன். யாரும் ஞாபகத்துக்கு வல்லீங்க. அப்பறந்தான் தெரிஞ்சுது, எங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போயிருக்கீங்கன்னு. நானே நின்னு அழுதேன். நீங்க அங்க தூங்கிட்டு இருந்தீங்களாமுங்க."

பிஸ்கட் பாட்டிலுக்கு அடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். பால் கவரில்தான் இருந்தது. ஓரம் நைந்திருந்தது, என் கையெழுத்தில் 'மாலை நான்கு' என்பதைச் சுற்றி அவர் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"இனி வேற ஆளப் பாத்துக்குங்க, ரைட்டரம்மா."

வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிரவு என் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். டார்ச், பேட்டரி, மாத்திரை, உப்பு, அரிசி, விரிப்பு. எனக்கு யாரும் இல்லை என்பதற்காக நான் சேர்த்த பொருள்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு சாயங்காலம், மூன்று மணி நேரம், எனக்காக ஒருத்தர் மழையில் நின்றிருக்கிறார். அப்போது நான் போனை அணைத்து வைத்திருந்தேன்.

பிறகு அவர் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார். அதைத் தாங்க முடியவில்லை. வாங்க, உட்காருங்க, டீங்களா என்பார், புதிதாக வந்த சுற்றுலாக்காரரிடம் பேசுவதுபோல. சர்க்கரை எவ்வளவுங்க என்று கேட்டார் ஒருநாள். பாதி என்றேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, எஸ்டேட் போகும் வரை அந்த டீயைக் குடிக்காமலேயே நடந்தேன்.

ஆடியில் சேலத்துக்கு ஒரு வேலையாக இறங்கினேன். அடிவாரத்தில் பஸ் நின்றது. எல்லாரும் போனை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அக்காவின் எண்ணைத் தட்டிவிட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். மணி அடித்தது. இரண்டு, மூன்று, நான்கு. யாரும் கட் பண்ணவில்லை, எடுக்கவும் இல்லை. அது தானாக ஓய்ந்துபோகும் வரை அடித்தது. பக்கத்திலிருந்தவர்கள் பாவமாகப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும், முழுசாக அடித்து ஓய்ந்தால் மேலே ஆள் இல்லை என்று.

திரும்பி ஏறி வந்து கடையில் இறங்கி, வந்துட்டனுங்க என்றேன். செரிங்க என்றார். போன் வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எப்போது இறங்கினாலும் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை குட்டைக்குப் போகுமுன் கடையில் நின்று, பதினொரு மணிக்குள்ள வந்துருவனுங்க என்று பொதுவாக, பஜ்ஜித் தட்டைப் பார்த்துச் சொல்வேன். பதினொன்றுக்கு முன்னால் ஈரத் துணியோடு வந்து, வந்துட்டனுங்க என்பேன். ஊரில் சிலர் சிரித்தார்கள். கடலுக்குப் போனதில் ரைட்டரம்மாவுக்கு மண்டைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சொல்லட்டும். கவிழ்ந்தால் ஏறுவதற்குப் பன்னிரண்டு தடவை ஆனவள் நான்.

ஆவணியில் மூன்று தடவை இறங்கினேன், மூன்று தடவையும் மணி ஓய்ந்துபோனது. புரட்டாசியில் இரண்டு தடவை, அப்போதும் அப்படியே. ஒருநாள் வெறுப்பாகவும் இருந்தது. இவ்வளவுதான் மனுஷர்கள், ஒரு தப்புக்கு இத்தனை நாளா என்று போனைப் பைக்குள் எறிந்தேன். அப்புறம் அந்தத் தாளின் வட்டம் ஞாபகம் வந்தது.

ஐப்பசியில் அடைமழை. எட்டாவது வளைவில் மரம் விழுந்து, அதை அறுத்து எடுக்கும் வரை பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. அடிவாரம் வந்து சேர்ந்தபோது எல்லாரும் அவசர அவசரமாகப் போனை எடுத்தார்கள். நானும் அடித்தேன். ஒரு மணி அடித்தது. இரண்டாவது மணி பாதியில் நின்றது.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தேன். திரையைப் பார்த்தேன், மறுபடி காதில் வைத்தேன். பக்கத்து சீட்டில் ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஓர் அம்மாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா, போன் போகலியா என்று விசாரித்தார்.

"போச்சுங்க. கட் பண்ணிட்டாங்க" என்றேன்.